திருமேனிக் களவும் பழைய நிழற்படமும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்றொரு கல் உண்டு. அபிராமேசுவரர் கோயிலைச் சார்ந்த அக்கல்லின் முன் ஆணையிடுதல் அவ்வட்டாரத்தில் வழிவழியாக வந்த வழக்கம். கொடுத்த கடனை இல்லையென்றாலும், பங்காளிகளுக்குள் சொத்துத் தகராறு முற்றினாலும், "வட்டப்பாறைக்கு வந்து சொல்" என்பதே இறுதிப் பேச்சாக இருந்ததாம்.

அக்கல்லைப் பற்றி வழங்கும் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தம்பியின் பங்கையும் சேர்த்து விற்றுவிட்ட அண்ணன் ஒருவன், அப்பணத்தில் விலையுயர்ந்த மணி ஒன்றை வாங்கித் தன் ஊன்றுகோலுக்குள் ஒளித்து வைத்தான். ஆணையிடும் வேளை வந்தபோது, ஊன்றுகோலைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுமாறு தம்பியின் கையிலேயே கொடுத்தான். பிறகு கல்லின் முன் நின்று, தம்பியின் பொருள் தன்னிடம் இல்லை, அது அவனிடமே உள்ளது என்று ஆணையிட்டான். சொல்லளவில் பார்த்தால் அதில் பொய் இல்லை. ஊன்றுகோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தவனை ஊருக்கு அப்பால் அரவம் தீண்டியது என்று கதை முடிகிறது.

இக்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் துப்பறியும் கதைகளில் மாபெரும் கள்ளன் ஒருவன் இருப்பான். அவன் மணியையோ மாலையையோ கவரத் திட்டமிடுவான். துப்பறிவாளர் அவனைப் பின்தொடர்வார். அத்தகைய வழக்கொன்று நம் காலத்திலேயே, நமக்கு அண்மையிலுள்ள ஊர்களை வைத்து நடந்தேறியது. அதில் கள்ளன் கையில் ஊன்றுகோல் இருந்தது. அரவந்தான் வரவில்லை. அவனைப் பிடித்தது எது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள சோழர் காலச் சிவன் கோயில் வழிபாடு குன்றிப் பூட்டியே கிடந்தது. உள்ளே செப்புத் திருமேனிகள் இருந்தன. ஆடல்வல்லான் திருமேனி அவற்றுள் தலையாயது. 2006-ஆம் ஆண்டில் கள்வர் அக்கோயிலுக்குள் புகுந்து திருமேனிகளைக் கொண்டுசென்றனர். களவு வெளிப்பட்டதோ 2008-ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் முழுவதும் கதவு மூடியே இருந்ததால், உள்ளே இருக்கின்றன என்றே ஊரார் நம்பி வந்தனர். அதே மாவட்டத்துச் சுத்தமல்லியில் வரதராசப் பெருமாள் கோயில் திருமேனிகளும் 2008-இல் களவு போயின.

கோயிலுக்குள் இறங்கியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு மேலே சென்னையில் இடைத்தரகர். அவருக்கும் மேலே, கடல் கடந்து, நியூயார்க் நகரின் மாடிசன் அவென்யூவில் கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர் என்பவர். அவர் இரவில் சுவர் ஏறியவர் அல்லர். நல்லாடை அணிந்து அருங்காட்சியகத் தலைவர்களுடன் அளவளாவியவர்; பெரிய அருங்காட்சியகங்களுக்குக் கலைப்பொருள்களை நன்கொடையாகவும் வழங்கியவர். பளபளப்பான தாளில் விலைப்பட்டியல் நூல்களை அச்சிட்டு வெளியிட்டவர். 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஸ்ரீபுரந்தான் ஆடல்வல்லானை அவரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது.

அப்படிப்பட்ட நிறுவனம் கேள்வி கேட்காமலா வாங்கும்? கேட்டது. அதற்கு விடையாகக் காகிதம் காட்டப்பட்டது. அத்திருமேனி 1970-ஆம் ஆண்டிலேயே தில்லிக் கடையொன்றில் முறையாக விலைக்கு வாங்கப்பட்டு வெளிநாடு சென்றதாக அக்காகிதம் கூறியது. ஆண்டைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தொல்பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு அனுப்ப இயலாது. ஆகவே சட்டம் பிறக்குமுன்பே பொருள் புறப்பட்டுவிட்டது என்று காட்டினால் போதும். இதுவே அக்கள்ளனின் ஊன்றுகோல். பொருள் எவர் கையிலோ வெளிப்படையாக இருக்கும். அதன் உள்ளே ஒளிந்திருக்கும் களவு கண்ணுக்குத் தெரியாது.

இங்கே சற்று நின்று நம் நூல்களைப் பார்த்தல் தகும். கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களாக, அதாவது அதிசாரங்களாக, ஐந்தினை ஆசாரியர் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணியுள்ளார். பிறரைத் திருட ஏவுதல், திருடிய பொருளைக் கொள்ளுதல், அரசின் விதியைக் கடத்தல், அளவையில் குறைத்தும் கூட்டியும் வழங்கல், போலியை மெய்யென விற்றல் ஆகியவை அவை. ஐந்தில் ஒன்றேனும் பூட்டை உடைப்பதைப் பற்றியதன்று என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. பூட்டை உடைப்பவனை உலகமே கள்ளன் என்று அறியும். அவனுக்காக நூல் தேவையில்லை. கடையில் அமர்ந்திருப்பவனுக்கும், பணம் முன்கூட்டிக் கொடுப்பவனுக்கும், எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குபவனுக்குமே ஆசாரியர் இவற்றைச் சொன்னார். ஏவுதலும், கொள்ளுதலும், விதி கடத்தலும் இவ்வழக்கில் வரிசையாக அமைந்து கிடக்கின்றன. அளவைக் குற்றம் இதற்கு நேரே பொருந்தவில்லை. வலிந்து பொருத்த நாம் விரும்பவில்லை.

போலியைப் பற்றியோ தனி வரலாறே உண்டு. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஆடல்வல்லான் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டது. திரும்பி வந்தது புதிய வார்ப்பு. ஊரார் அதற்கே விளக்கேற்றி வந்தனர். மெய்யான திருமேனி பல கை மாறியது. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்னும் அறிஞர் சோழர் கால வார்ப்புகளைப் பற்றி 1965-இல் எழுதிய நூலில், கோயிலில் இருப்பது போலி என்பதை வெளிப்படுத்தினார். மெய்யான திருமேனியை அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை 1973-இல் 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. நெடிய வழக்குக்குப் பின் 1986-இல் அது நாடு திரும்பியது.

விருத்தாசலத்தில் நடந்ததும் இவ்வகையினதே. விருத்தகிரீசுவரர் கோயில் சுவர் மாடத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிற்பம் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் வேறொரு புதிய சிற்பம் வைக்கப்பட்டிருந்தது. மாடம் வெறுமையாக இல்லாததால் வழிபட வந்தவர்க்கு ஐயம் எழவில்லை. பழைய சிற்பத்தைக் கபூரிடமிருந்து சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் வாங்கியிருந்தது.

இனி, துப்பறிந்த வகையைக் கூறுவோம்.

தமிழகக் காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-இல் தோற்றுவிக்கப்பட்டது. அரியலூர்க் களவுகளை விசாரித்த அப்பிரிவு 2009-இல் சென்னை இடைத்தரகரைப் பிடித்தது. அவ்வழியே நியூயார்க் கலைக்கூடத்தின் பெயர் வெளிவந்தது. ஆயினும் பெயர் வெளிவருதல் வேறு. வழக்கில் நிறுவுதல் வேறு. ஆஸ்திரேலியாவில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் திருமேனியும் ஸ்ரீபுரந்தானில் காணாமற்போன திருமேனியும் ஒன்றே என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? சோழர் காலத்து ஆடல்வல்லான் திருமேனிகள் எத்தனையோ உள. கண்ணால் கண்ட ஊரார் நூறுபேர் சாட்சி சொன்னாலும், "இதுபோல இருந்தது" என்பதற்கு மேல் அவர்களால் சொல்ல இயலாது.

விடை இருந்த இடம் புதுச்சேரி. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வாளர்களும் படப்பிடிப்பாளர்களும் 1956 முதல் தென்னகத்தின் சிற்றூர்கள்தோறும் சென்று கோயில்களையும் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் நிழற்படம் எடுத்து வைத்தனர். அத்தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவர்கள் சிற்ப இலக்கணம் ஆராய வந்தவர்கள். களவைப் பற்றிய நினைவே அவர்களுக்கு இல்லை. இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன ஆண்டு என்று அட்டையில் குறித்து அடுக்கி வைத்தனர், அவ்வளவே. அவ்வடுக்கில் ஸ்ரீபுரந்தான் திருமேனிகள் 1994-இல் எடுக்கப்பட்டபடி இருந்தன. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் 1974-இல் தம் மாடத்திலேயே நின்றபடி இருந்தார்.

1994-இல் ஸ்ரீபுரந்தானில் இருந்த திருமேனி 1970-இல் தில்லியில் விற்கப்பட்டிருக்க முடியாதன்றோ? ஊன்றுகோல் அங்கே பிளந்தது.

ஒப்புமை காணும் முறையையும் சிறிது விளக்கினால் வாசகர்களுக்குப் பயன்படும். நம் செப்புத் திருமேனிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்துச் செய்யப்படுபவை. உருவை வெளியே எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஓர் அச்சில் ஒரு திருமேனியே பிறக்கும். இரண்டு திருமேனிகள் நூலிழையும் மாறாமல் ஒத்திருத்தல் அரிது. திருவாசியின் சுடர்களை எண்ணலாம். வளைந்த சுடர் எது, ஒடிந்த சுடர் எது என்று பார்க்கலாம். விரல் நுனியின் தேய்வு, பீடத்துத் துளைகளின் இடம், வார்ப்பின்போது விழுந்த குழி, ஒட்டுப்போட்ட தழும்பு ஆகியவை மனித உடலின் மச்சங்களைப் போன்றவை. கள்ளன் திருவாசியையும் பீடத்தையும் அறுத்தெறியலாம்; முதுகிலுள்ள குழியை அவன் எண்ணுவதில்லை. தஞ்சைப் பகுதிப் பத்தூரின் ஆடல்வல்லானுக்காக இலண்டனில் நடந்த வழக்கில், திருமேனிமேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமுங்கூட ஆராயப்பட்டன. அத்திருமேனி 1991-இல் தாயகம் திரும்பியது.

கபூரின் விலைப்பட்டியல்களை இங்கு நினைவுகூர வேண்டும். விற்பனைக்காகத் தேர்ந்த ஒளியமைப்பில் அவரே அச்சிட்ட படங்கள், புதுச்சேரிப் படங்களுக்கு அருகே வைத்து ஒப்பிடத் தோதாக அமைந்தன. தமிழ் ஆர்வலர் சிலரும் அப்படங்களைப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு உலகறியச் செய்தனர். 2011 அக்டோபர் 30-ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கபூர் கைது செய்யப்பட்டார்; 2012 ஜூலையில் தமிழகம் கொண்டுவரப்பட்டார். நியூயார்க்கில் அவருடைய கிடங்குகளைச் சோதித்த அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றியவை 2,600-க்கும் மேற்பட்ட பொருள்கள். மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். 2014 செப்டம்பர் 5-ஆம் நாள் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்தபோது ஸ்ரீபுரந்தான் ஆடல்வல்லானும் விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் நம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டனர். வரதராசப் பெருமாள் கோயில் வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1-ஆம் நாள் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வரலாற்றைச் சைவ, வைணவக் கோயில்களின் செய்தியாக மட்டும் நாம் படித்து நகர்ந்துவிட இயலாது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் தெரு நிறையச் சிராவகர் குடும்பங்கள் இருந்த ஊர்களில் இன்று எத்தனை வீடுகள் திறந்திருக்கின்றன? பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டனர். உபாத்தியாயர் காலையில் பூசை முடித்துப் பூட்டிச் சென்றால், மறுநாள் காலை வரை ஜினாலயத்தில் ஆளரவம் இல்லை. ஸ்ரீபுரந்தானின் மூடிய கதவு நமக்கு அயலானதன்று.

நமக்குக் கூடுதலான இடர் ஒன்றும் உண்டு. தீர்த்தங்கரர் திருமேனிகள் தம்முள் பெரிதும் ஒத்திருப்பவை. அணிகலன் இல்லை, ஆயுதம் இல்லை, கைகள் இரண்டே; அமர்ந்த கோலம் அல்லது நின்ற கோலம். பார்சுவநாதருக்கும் சுபார்சுவநாதருக்கும் நாகபடம் உண்டு. ஏனையோரைப் பெரும்பாலும் பீடத்திலுள்ள இலாஞ்சனம் கொண்டே அறிகிறோம். பீடம் தனியாகப் பிரிக்கப்பட்டால், இவர் எங்கள் ஊர்ச் சந்திரப்பிரபர் என்று எதைக் காட்டி வாதிடுவோம்? வீதராகத்தின் வெளிப்பாடான அவ்வெளிமையே அடையாளம் காட்டுவதைக் கடினமாக்குகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏதேனும் காணாமற்போனால் வெளியே சொல்ல நாம் கூசுகிறோம். ஊருக்கு அவமானம், சங்கத்துக்கு இழுக்கு என்று பேசி, காவல் நிலையத்துக்குப் போகாமலே விட்டுவிட எண்ணுவோர் உளர். உபகூகனம் என்னும் அங்கத்தை இதற்குத் துணையாகக் காட்டுவோரும் உளர். அருங்கலச்செப்பைப் பயின்றவர்கள் அவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டானவர் ஜினேந்திரபக்தர் என்பதை அறிவர். அவர் கதையே ஒரு மணிக் களவின் கதைதான். தாமலிப்தி நகரத்து வணிகரான அவரது மாளிகையின் ஏழாம் நிலைக் கோயிலில் பார்சுவநாதரின் குடையில் வைடூரியம் ஒன்று பதிந்திருந்தது. பாடலிபுத்திரத்து அரசன் மகனும் கள்வர் தலைவனுமான சுவீரன் அதனைக் கவர விரும்பினான். சூரியன் என்னும் கள்ளன் க்ஷுல்லகர் வேடம் பூண்டு, நோன்பிருந்து பெயர் பெற்று, வணிகரே அழைத்துச் சென்று மணிக்குக் காவல் வைக்கும்படி செய்துகொண்டான். நள்ளிரவில் எடுத்துக்கொண்டு வெளியேறியபோது மணியின் ஒளியே அவனைக் காட்டிக் கொடுத்தது. காவலர் துரத்த, அவன் ஊர்ப்புறத்தே பயணத்திற்காகத் தங்கியிருந்த வணிகரிடமே வந்து விழுந்தான். அவரோ, தம் சொற்படியே அவர் மணியைக் கொண்டுவந்தார் என்று கூறிக் காவலரை அனுப்பிவிட்டு, பிறகு அவனைப் போக்கினார்.

இக்கதையில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அவர் பேசியபோது மணி அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் மறைத்தது தவவேடத்தின்மேல் விழவிருந்த பழியை, மணியின் இழப்பையன்று. மணி போய்விட்ட பின்பும் வாய்மூடி இருப்பதற்கு இக்கதையில் இடமில்லை என்பதே நம் கருத்து.

சென்ற கோடையில் திண்டிவனத்திற்கு அப்பாலுள்ள ஓர் ஊரில் இதுபற்றிப் பேசச் சென்றோம். ஜினாலயத் திருமேனிகளின் நிழற்படம் ஏதேனும் உண்டா என்று வினவினோம். முதியவர் ஒருவர் மகிழ்வுடன் வீட்டிற்கு அழைத்துச் சென்று, தம் மகளின் திருமண ஆல்பத்தை எடுத்து வந்தார். அதில் ஒரு பக்கத்தில் விழாப் புறப்பாடு இருந்தது. திருமேனி கழுத்துவரை மலரால் மூடப்பட்டிருந்தது. முன்னே குடும்பத்தார் பதினான்கு பேர் நின்றனர். படம் எடுத்தவர் தெளிவுபடுத்தியிருந்தது அவர்களைத்தான். வேறு படம் அவ்வூரில் இல்லை.

மறுவாரம் அளவு நாடாவும் படக்கருவியும் எடுத்துக்கொண்டு திரும்பவும் போனோம். உபாத்தியாயர் நீராடி வந்து திருமேனிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழுந்தருளச் செய்தார். முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், பீடத்தின் அடிப்பகுதி என ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அருகே அளவுகோலையும் வைத்தோம். உயரமும் அகலமும் சென்டிமீட்டரில் குறித்தோம். தேய்வும் கீறலும் இருக்குமிடத்தைத் தனியே எழுதினோம். பார்த்த நாளையும் பார்த்தவர் பெயரையும் கையொப்பத்துடன் சேர்த்தோம். ஒரு படி ஜினாலயத்திலும், ஒரு படி சென்னையில் வாழும் குடும்பமொன்றிடமும் இருக்கும்படி செய்தோம். நூறாண்டுக்கு மேற்பட்ட திருமேனிகளை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு அலுவலரிடம் பதிந்து சான்று பெறுவதற்கும் இப்படங்களே உதவும். வீடுகளில் உறங்கும் ஓலைச்சுவடிகளும் எழுபத்தைந்து ஆண்டு கடந்து வரலாற்று, இலக்கியச் சிறப்புடையனவாயின் தொல்பொருளே என்பதை அங்கேயே எடுத்துச் சொன்னோம். இரண்டு வீடுகளிலிருந்து கட்டுகள் வெளிவந்தன.

ஐந்தாவது திருமேனியைத் திருப்பிவைத்தபோது உபாத்தியாயர் துணியால் பீடத்தின் பின்புறத்தை மெல்லத் துடைத்தார். எண்ணெயும் புகையும் படிந்திருந்த அடுக்கின் கீழே எழுத்து தெரிந்தது. இரண்டு வரி. நாற்பது ஆண்டுகளாக அத்திருமேனிக்குத் திருமஞ்சனம் செய்துவந்தவர் அவர். அவ்வெழுத்தை அன்றுதான் பார்த்தார். முதல் வரியில் ஊரின் பெயரை மட்டும் எங்களால் படிக்க முடிந்தது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி விளக்கைப் பிடிக்கச் சொல்லி, அதை மூன்று முறை படம் எடுத்துக்கொண்டோம்.